ஏரிப் பக்கத்து ஜன்னல்

"வந்தா திரும்பிப் போகச் சொல்லுக்கா" என்றான் வெய்ன். "இன்னிக்கா ஜன்னல் மாத்தணும்?"

லோர்னா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். குச்சி நுனியில் இருந்த ஈரப் பஞ்சை அம்மாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் வண்டி வந்து நின்று என்ஜின் அணைந்தது. வெய்ன் சமையலறைப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஜன்னல்காரன் கண்ணாடியை எறக்குறான். நிசமாவே கொண்டாந்துட்டான்."

"கொண்டாரச் சொன்னது நான்தானே."

"அஞ்சு வாரம் ஆச்சு சொல்லி. பார்த்துப் பார்த்து இன்னிக்கு வந்திருக்கான்."

காலையில் வந்த நர்ஸ் போர்வையை விலக்கி அம்மாவின் கால்களைப் பார்த்தாள். முழங்கால் வரைக்கும் நீலம் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. போர்வையைப் பழையபடி மூடிவிட்டு, "இன்னிக்குத்தான்னு நினைக்கிறேன்" என்றாள். அதற்குப் பிறகு லோர்னாவும் வெய்னும் ஆளுக்கு மூன்று கோப்பை காபி குடித்திருந்தார்கள். அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், இந்த டுலூத் மலைச்சரிவில், எங்கள் பின்லாந்துக்காரக் குடும்பங்களில் பேச வேண்டியது எது வந்தாலும் முதலில் காபிதான் ஊற்றுவோம். பாதிப் பேச்சு அதிலேயே கரைந்து போய்விடும்.

அம்மாவின் பெயர் தைமி கோர்பெலா. வயது எண்பத்தாறு. கட்டிலை முன்னறை ஜன்னலை ஒட்டிப் போடச் சொன்னது அவள்தான். ஜனவரியில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டிலைக் கொண்டுவந்து எங்கே போட என்று கேட்டபோது, "ஏரிப் பக்கமா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அவர்கள் போட்டுவிட்டுப் போனார்கள். ஜன்னல் முழுக்க வெள்ளையாக மங்கிக் கிடந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அன்று லோர்னா கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அந்தக் கண்ணாடியின் கதை அம்மாவும் மகளும் சேர்ந்த கதைதான். அதைச் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

எங்கள் சரிவில் வீடு வாங்குகிறவர்கள் கூரையையும் பார்ப்பதில்லை, கணப்பையும் பார்ப்பதில்லை. கப்பல் ஓடுகிற எங்கள் ஏரி தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். தைமியும் அப்படித்தான் வாங்கினாள். அவள் புருஷன் எய்னோ இரும்புக் கல் ஏற்றும் கப்பலில் சுக்கான் பிடிக்கிற வேலை. மார்ச்சில் ஏரிப் பனி உடைந்ததும் போனால் ஜனவரியில்தான் வீடு. நடுவில் அவன் கப்பல் துறைமுகத்துக்கு வரும்போதெல்லாம் தைமி முன்னறை ஜன்னலில் நிற்பாள். கப்பல் தூக்குப்பாலத்தை நெருங்கியதும் சங்கு ஊதும். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. பாலம் அதே மாதிரி திருப்பி ஊதும். அதற்குப் பிறகுதான் அவள் உருளைக்கிழங்கை அடுப்பில் வைப்பாள். எய்னோ செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும், சீசனின் முதல் கப்பலின் சங்கை மட்டும் அவள் ஒரு வருஷமும் தவறவிடவில்லை.

புருஷன் வருஷத்தில் பாதிக்கு மேல் கப்பலிலேயே கிடந்ததால் வீட்டின் பதினான்கு ஜன்னல்களும் அவள் பொறுப்பு. மரச் சட்டம், ஒற்றைக் கண்ணாடி. வசந்தத்தில், கண்ணாடியைச் சட்டத்தோடு பிடிக்கிற லப்பம் வெடித்த இடங்களைச் சுரண்டி எடுத்து, மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி, புது லப்பம் வைத்து வழித்துவிடுவாள். அக்டோபரில் ஏணி போட்டு ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளியே குளிர்காலக் கண்ணாடியைத் தூக்கி மாட்டுவாள். எது எந்த ஜன்னலுக்கு என்று தெரிய, சட்டத்தில் எண் அடித்த பித்தளை ஆணி இருக்கும். எழுபத்தெட்டு வயசில் ஒன்பதாம் எண் கண்ணாடியோடு ஏணியிலிருந்து விழுந்தாள். மணிக்கட்டு முறிந்து உறைந்த புல்லில் ஒரு மணி நேரம் கிடந்திருக்கிறாள். தபால்காரர்தான் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த லோர்னாவிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை, "கண்ணாடி உடையலே."

லோர்னாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் மணவிலக்கு வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தாள். இனிமேல் ஏணியே வேண்டாம், எல்லா ஜன்னலையும் மாற்றிவிடலாம் என்று முடிவு கட்டினாள். மூன்று கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அம்மா மூன்று பேருக்கும் காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்து, சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். மூன்றாவது ஆள் மாதிரித் துண்டு ஒன்றை மேஜைமேல் வைத்தான். வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டம், இரட்டைக் கண்ணாடி, நடுவில் ஏதோ வாயு. குளிர் உள்ளே வராது, சூடு வெளியே போகாது, சுரண்ட வேண்டாம், பூச வேண்டாம். அம்மா அந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"மரத்துக்கு நோவு வந்தா வைத்தியம் உண்டு" என்றாள். "இதுக்கு நோவு வந்தா?"

"வராதும்மா."

"வந்தா?"

"புதுசா மாத்தித் தருவோம். நீங்க இந்த வீட்ல உசிரோட இருக்கிற வரைக்கும் கேரண்டி."

"அப்ப நோவு எனக்கு முந்தியா அதுக்கு முந்தியான்னு பார்த்துருவோம்" என்று சொல்லி, கட்டுப்போட்ட வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு இடக்கையால் கையெழுத்துப் போட்டாள்.

பழைய ஜன்னல்களை வெய்ன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தன் தோட்டத்தில் தக்காளிக்குக் கண்ணாடிக் கூண்டு கட்டினான். இன்னும் ஒரு விரிசல் இல்லை. வருகிறபோதெல்லாம் இதை அக்காவிடம் சொல்லிக் காட்டாமல் போகமாட்டான்.

முதல் குளிர்காலத்தில் புது ஜன்னலின் அடியிலிருந்து மெல்லிதாக ஒரு விசில் சத்தம் வந்தது. லோர்னா வெளியே போய்க் குனிந்து பார்த்தாள். சட்டத்தின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னத் துளைகள். காசை வாங்கிக்கொண்டு ஓட்டையை அடைக்காமல் போய்விட்டான் பார் என்று திட்டினாள். சிலிக்கான் பசை வாங்கிவந்து, ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஏரிப் பக்கத்து ஜன்னல்களின் துளைகளை ஒன்றுவிடாமல் அடைத்தாள். விசில் நின்றது. அம்மாவின் மகள் என்று தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள்.

அவை மழைத் தண்ணீர் வடிய வைத்த துளைகள். வடிய வழியில்லாத தண்ணீர் சட்டத்துக்குள்ளே தேங்கி, உறைந்து, உருகி, ஐந்து வருஷத்தில் முன்னறைக் கண்ணாடியின் ஓரத்து ஒட்டுப்பசையை அரித்துவிட்டது. ஈரம் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே புகுந்தது. முதலில் மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மங்கல் தெரிந்தது. ஒரே மாதத்தில் அது ஜன்னல் முழுக்கப் பரவிவிட்டது. உள்ளே துடைத்தாலும் போகாது, வெளியே துடைத்தாலும் போகாது. லோர்னா கம்பெனிப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். பதினோராம் பக்கத்தில் துளைகளின் படம் போட்டு, அடைத்தால் கேரண்டி செல்லாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. புத்தகத்தை மூடி, மேஜைவிரிப்புகளுக்கு அடியில் செருகி வைத்தாள்.

மறுநாள் காபியோடு வந்து நின்ற அம்மா, "என்ன லோர்னா, இப்படி மங்கலா இருக்கு?" என்றாள்.

"ஏரியில மூட்டம்மா."

அது மே மாதம். எங்கள் ஊரில் மே மாதத்தில் மூட்டம் என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஜூனிலும் சொன்னாள். ஜூலையிலும் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் அம்மா மறுத்துக் கேட்கவில்லை. "எங்க காலத்துல மத்தியானத்துக்குள்ள விலகிரும்" என்பாள், அவ்வளவுதான். ஒரே ஒருமுறை லோர்னா, "உன் கண்ணாவும் இருக்கலாம்மா" என்று சொல்லிவிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கூசும். பிறகு அது வழக்கமாகிப் போனது. தினமும் காலையில் அம்மா கேட்பாள், மூட்டம் விலகிச்சா என்று. இன்னும் இல்லம்மா என்பாள் இவள். மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

கட்டில் ஜன்னலோரம் வந்த பிறகுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இரண்டு வாரம் கழித்தாள். கடைசியில் பிப்ரவரியில் ஆர்லனைக் கூப்பிட்டாள். ஊரில் அந்தக் கம்பெனிக்கு ஆர்லன்தான் எல்லாம்; அன்று மாதிரித் துண்டை மேஜைமேல் வைத்ததும் அவன்தான். போன் எடுப்பதும் அவன், அளவெடுப்பதும் அவன், மாட்டுவதும் அவன். "சரி, அளவு இருக்கு, செய்யச் சொல்றேன்" என்றானே தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. வந்து துளையைப் பார்த்தால் கேட்பான் என்பது அவளுக்குத் தெரியும். அந்த அவமானத்தை அப்போது பட்டுக்கொள்ளலாம். முதல் கப்பல் வருவதற்குள் கண்ணாடி வந்தால் போதும், அம்மா ஒருதடவை ஏரியைப் பார்த்தால் போதும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை வானொலியில் சொன்னார்கள், முதல் கப்பல் மத்தியானத்துக்குள் உள்ளே வருகிறது.

அழைப்பு மணி அடித்தது. ஆர்லன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். அறுபது வயசுக்காரன், நரைத்த தாடி. கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"நான் நாளைக்கு வர்றேனே" என்றான்.

"நாளைக்கு வேண்டாம்" என்றாள் லோர்னா. "இன்னிக்கே."

"அக்கா, உனக்குப் பைத்தியமா?" என்றான் வெய்ன். "வெளியே குளிர் மைனஸ்ல இருக்கு. ஜன்னலைக் கழட்டினா அம்மா மேலதான் நேரா அடிக்கும்."

"நம்ம ரெண்டு பேரையும் எங்கே தூங்க வச்சா அவ? வாசல்ல, தள்ளுவண்டியில, பனி கொட்டக் கொட்ட. குழந்தைக்கு நல்லதுன்னு."

"அது குழந்தைக்கு."

"இப்ப மட்டும் என்னவாம்?"

வெய்ன் அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டான். ஆர்லன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மொத்தம் இருபது நிமிஷம்" என்றான். "அதுல பத்து நிமிஷம் சுவர் திறந்தே கிடக்கும். என்னால அதுக்கு மேல குறைக்க முடியாது."

"கப்பல் வருது ஆர்லன்."

"தெரியும். கேட்டேன்."

அம்மா கண்ணைத் திறந்தாள். மூன்று நாளாகக் கண்ணைத் திறப்பதே அபூர்வம். பார்வை ஜன்னலுக்குப் போய்த் திரும்பி மகளிடம் வந்தது. உதடு அசைந்தது. லோர்னா குனிந்தாள்.

"மூட்டம் விலகிச்சா?"

"இன்னும் இல்லம்மா. இதோ, இப்ப விலகிரும்."

"மெதுவா விலகட்டும்" என்றாள் அம்மா. "அவசரம் இல்லே."

இருவரும் அவளைச் சுற்றிக் கட்டினார்கள். கம்பளிக்கு மேல் கம்பளி, காலடியில் வெந்நீர்ப் பை, கைக்கு உறை. அவளே பின்னிய நீலக் குல்லாயைத் தலையில் மாட்டி வெய்ன் காதுவரைக்கும் இழுத்துவிட்டான். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. அவ்வளவு பேச்சும் பேசியவன், அம்மாவின் கன்னத்தில் ஒட்டியிருந்த நூலை இரண்டு விரலால் மெதுவாக எடுத்துவிட்டான்.

ஆர்லன் வெளியே போனான். லோர்னாவும் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். எப்படியும் கேட்கப் போகிறான், அது வாசலோடு போகட்டும் என்று நினைத்தாள். அவன் ஜன்னலுக்குக் கீழே மண்டியிட்டு, சட்டத்தின் அடியில் விரலை ஓட்டிக்கொண்டே போனான்.

"துளையெல்லாம் சுத்தமா இருக்கு" என்றான். "பல வீட்ல வண்டும் மண்ணும் அடைஞ்சு கிடக்கும். நல்லாப் பார்த்துக்கறீங்க."

அவளுக்குப் புரியவில்லை. குனிந்து பார்த்தாள். ஒரு துளையிலும் சிலிக்கான் இல்லை. வெயிலிலும் குளிரிலும் சுருங்கி விழுந்திருக்குமோ என்று நினைத்தாள். அவன் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா" என்றாள். செய்யாத வேலைக்கும் பாராட்டை வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போதுதான் கவனித்தாள், கீழே ஏரி இல்லை. அரைமணி நேரத்துக்கு முன் சமையலறை ஜன்னலில் நீலமாக, ஓரத்தில் பனிக்கட்டி மிதக்கத் தெரிந்த ஏரி. இப்போது துறைமுகமும் பாலமும் கீழ்த்தெரு வீடுகளும் எல்லாம் வெள்ளைக்குள் போய்விட்டன. குளிர்ந்த தண்ணீர்மேல் கொஞ்சம் இளங்காற்று பட்டால் போதும், எங்கள் ஏரி இப்படித்தான் செய்யும். மூட்டம் சரிவில் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. லோர்னாவுக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று தெரியவில்லை. மூன்று வருஷம் வாய் கூசாமல் சொன்ன பொய், வேண்டாத நேரம் பார்த்து நிஜமாகி வந்து நின்றது.

"பரவாயில்லே, கழட்டுங்க" என்றாள்.

அவன் உள்ளே வந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நின்று, ஜன்னலின் கண்ணாடியை உள்பக்கமாகச் சாய்த்து, ஒரு கோணம் திருப்பித் தூக்கினான். மங்கிய கண்ணாடி கையோடு வந்துவிட்டது. வெளிக்காற்று அறைக்குள் வந்தது. மேஜைமேல் இருந்த மருந்துச் சீட்டுகள் பறந்தன. அம்மாவின் மூக்குத் துவாரம் விரிந்தது. கண்ணை நன்றாகவே திறந்தாள்.

"நல்ல குளிர்" என்றாள்.

குரல் தெளிவாக இருந்தது. வெய்ன்கூடச் சிரித்துவிட்டான். ஆர்லன் பழைய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு புதுசை எடுத்துவர வெளியே போனான்.

சுவரில் இருந்த அந்தத் திறப்புக்கு வெளியே வேலியும் அதற்கப்பால் ஒரு பிர்ச் மரமும் மட்டும் தெரிந்தன. மற்றதெல்லாம் வெள்ளை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லோர்னா கட்டிலோரம் முழங்காலிட்டு உறைக்குள் இருந்த கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அம்மா, அது மூட்டம் இல்லை, கண்ணாடி, நான்தான் கெடுத்தேன், உன் கண்ணைக் குறை சொன்னேன், மூன்று வருஷம் உன் ஏரியை மறைத்தேன். பக்கத்தில் வெய்ன் நின்றுகொண்டிருந்தான். ஆர்லனின் பூட்ஸ் சத்தம் வாசலில் கேட்டது.

"அம்மா, இந்தக் கண்ணாடி..." என்று ஆரம்பித்தாள்.

கீழே எங்கேயோ சங்கு ஊதியது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. கப்பல் தெரியவில்லை, பாலம் தெரியவில்லை, சத்தம் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து ஏறி வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பாலம் பதில் ஊதியது.

அறைக்குள் அவ்வளவு குளிராக இருந்ததால் அம்மாவின் மூச்சு கண்ணுக்குத் தெரிந்தது. வாயிலிருந்து சின்னதாக ஒரு வெண்புகை வந்து கரைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. லோர்னா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று, மிகச் சின்னதாக வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. அவள் காத்திருந்தாள். தன்னுடைய மூச்சும் வெய்னுடைய மூச்சும் புகைந்துகொண்டிருந்தன.

"அக்கா" என்றான் வெய்ன்.

"ம்."

ஆர்லன் புதுக் கண்ணாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அறை வாசலுக்கு வந்திருந்தான். பார்த்ததுமே புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்ற வேண்டும், கையில் கண்ணாடி. கீழே வைக்கவும் மனசில்லாமல் அப்படியே நின்றான். வெய்ன் அம்மாவின் இமைகளை மூடினான். குல்லாயை நேராக்கினான், ஏற்கெனவே அது நேராகத்தான் இருந்தது. ஆர்லனின் கைகள் பாரத்தில் ஆடத் தொடங்கின.

"வச்சிரட்டுமா?" என்றான் கடைசியில்.

"வைங்க" என்றாள் லோர்னா.

அவர்கள் இருவரும் சேர்ந்து கட்டிலை ஒரு அடி இழுத்து அவனுக்கு வழிவிட்டார்கள். அவன் சத்தம் போடாமல் வேலை செய்தான். கண்ணாடியைச் சாய்த்துப் பொருத்தி, நிமிர்த்தி, இரண்டு பக்கமும் அழுத்தினான். கிளிக்கென்று உட்கார்ந்தது. அறை திரும்ப அறையாயிற்று.

வெய்ன் நர்ஸுக்குப் போன் செய்தான். லோர்னா காபி போட்டாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆர்லன் கோப்பையை வாங்கிக்கொண்டு சமையலறை மேஜையில் ஒரு தாளை விரித்தான்.

"இப்ப இதைக் கேக்கறது தப்புதான்" என்றான். "ஆனா வேலை முடிஞ்ச அன்னிக்கே எழுதணும். இல்லேன்னா கேரண்டியில வராது."

"அதான் கேரண்டியே முடிஞ்சு போச்சே" என்றான் வெய்ன், போனை வைத்துவிட்டு. "அம்மா உசிரோட இருக்கிற வரைக்கும்தானே?"

ஆர்லன் தாளைத் திருப்பிக் காட்டினான்.

"உசிரைப் பத்தி இதுல கேள்வி இல்லே. வேலை நடக்கும்போது வீட்டுச் சொந்தக்காரர் வீட்ல இருந்தாரான்னுதான் இருக்கு." முன்னறைப் பக்கம் ஒருதடவை பார்த்தான். "இருக்காங்க." கட்டத்தில் குறி போட்டான்.

அடுத்த வரிக்குப் போனான். துளைகள் திறந்திருந்தனவா? ஆம். முதலில் புகார் வந்த தேதி? சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, பார்த்து எழுதினான். லோர்னா தலைகீழாகவே படித்தாள்.

"தப்பு" என்றாள். "நான் பிப்ரவரியில கூப்பிட்டேன். நீங்க ரெண்டு வருஷம் முன்னாடி ஏப்ரல்னு போடறீங்க."

ஆர்லன் பேனாவை வைத்தான். காபியைக் குடித்தான். ஏலக்காய் ரொட்டி இல்லாத தட்டைப் பார்த்தான்.

"சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க" என்றான்.

"யாரு?"

"உங்கம்மா. போன் பண்ணினாங்க. கண்ணாடிக்கு நடுவுல ஈரம் புகுந்திருக்கு, என்ன பண்றதுன்னாங்க. கீழே துளை இருக்கும், அடைச்சிருக்கா பாருங்கன்னேன். போய்ப் பார்த்துட்டு வந்து, அடைச்சுத்தான் கிடந்துச்சு, பின்னல் ஊசியால குடைஞ்சு எடுத்துட்டேன்னாங்க. மத்த ஜன்னலும் சேர்த்து. எண்பத்து நாலு வயசுல, ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு."

லோர்னா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"யாரு அடைச்சதுன்னு கேட்டேன். எலின்னாங்க. எலி சிலிக்கான் வைக்குமாம்மான்னேன். எங்க வீட்டு எலி வைக்கும்னாங்க."

வெய்ன் ஒரு சத்தம் போட்டான். சிரிப்பு மாதிரிதான் ஆரம்பித்தது. உடனே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஓரம் ஏற்கெனவே ஊறிப் போச்சு, இனிமே துளையைத் திறந்து பிரயோசனம் இல்லே, நான் வந்து மாத்தித் தர்றேன்னேன்" என்றான் ஆர்லன். "வேண்டாம்னுட்டாங்க. அந்த எலி ஒருநாள் உனக்கு போன் பண்ணும், அது பண்ணினா வா, நான் பேசினதை அதுகிட்ட சொல்லாதே, வெக்கப்படும்னாங்க."

அவன் தாளைத் தள்ளினான். லோர்னா சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அம்மா இடக்கையால் போட்டதைவிடக் கோணலாக வந்தது. ஆர்லன் காபியை மிச்சம் வைக்காமல் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெய்னின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

அவள் முன்னறைக்குப் போனாள். கட்டிலடியில் அம்மாவின் பின்னல் கூடை இருந்தது. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். மெல்லிய இரும்பு ஊசி ஒன்றின் கொக்கியில் வெள்ளையாக ரப்பர் போல ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. இரண்டு வருஷமாக அம்மா இந்தக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மங்கிய கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து, மூட்டம் விலகிச்சா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஊசியைக் கூடையில் திரும்ப வைக்க லோர்னாவுக்கு மனம் வரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டாள்.

கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளினாள். குல்லாயைக் கழற்றி, அம்மாவின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். நெற்றி ஜில்லென்று இருந்தது. அறைக் குளிரா வேறு குளிரா என்று சொல்ல முடியவில்லை.

புதுக் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. வேலியில் படிந்திருந்த ஈரம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. அதற்கப்பால் எல்லாம் வெள்ளை. பிர்ச் மரமும் இப்போது போய்விட்டது.

"இன்னிக்கு நெசமாவே மூட்டம்தாம்மா" என்றாள்.

கண்ணாடியின் கீழ்மூலையில் ஆர்லனின் கட்டைவிரல் பதிந்திருந்தது. லோர்னா விரல்வரை சட்டைக்கையை இழுத்துவிட்டு, அதன் நுனியால் அந்த இடத்தைத் தேய்த்தாள். போய்விட்டது.